மாமியாருக்குப் பிடிக்காத கை

என் வகுப்பறைக் கதவுக்கு மேலே ஒரு எண் எரியும். போகிறவர் வருகிறவர், சத்துணவு அக்கா, குழாய் ரிப்பேருக்கு வந்தவர், எல்லோரும் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள். எம்.எஸ்சி., பி.எட். முடித்து, தலை நரைக்கிற வரை கணக்கு நடத்தியவளுக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். நெற்றியில் ஒட்டாமல் கதவில் ஒட்டினார்களே, அந்த மட்டுக்கும் மரியாதை.

அந்த எண்ணைப் போடுகிற கருவிக்கு அரசாணையில் உள்ள பெயர் 'கற்பித்தல் தர நோக்கி'. ஒரு கண் கரும்பலகைக்கு மேலே இருந்து பிள்ளைகளைப் பார்க்கும். இன்னொரு கண் பின்சுவரில் இருந்து என்னைப் பார்க்கும். எங்கள் ஆசிரியர் அறையில் அதற்குப் பெயர் மாமியார். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும், என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்லாது, முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பது?

நூற்றுக்கு எத்தனை என்று பாடம் நடக்கும்போதே எண் ஏறும், இறங்கும். பருவ முடிவில் சராசரி அறுபதுக்குக் கீழே போனால் ஆசிரியரைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். முகாமுக்குப் போன யாரும் பழைய வகுப்புக்குத் திரும்பி வந்ததில்லை. வகுப்புக்குத் திரை வந்துவிடும். திரையில் வருபவர் வேலாயுதப்பெருமாள். இப்போது எங்கள் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர், முன்னாள் கணக்கு ஆசிரியர், விருது வாங்கியவர். அவருடைய பழைய வீடியோவை வைத்துச் செய்த உருவம் அது. முடி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். பக்கத்து எட்டாம் வகுப்புக்குத் திரை வந்து ஒரு வருஷமாகிறது. அந்தப் பிள்ளைகள் இப்போது கேள்வியே கேட்பதில்லை.

என் ஏழாம் வகுப்புக்கும் அதுதான் வருவதாக இருந்தது. என் சராசரி ஐம்பத்தெட்டு.

தலைமை ஆசிரியர் ஞானையா சார் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் சுருக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, அதற்குப் பிறகுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்.

"கோமதி டீச்சர், உங்க கிளாஸோட வரைபடத்த உக்காந்து பாத்தேன். ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். அந்த இசக்கி இருக்காள்லா, அவ எந்திரிச்சுப் பதில் சொல்லும்போதெல்லாம் எண் பொத்துன்னு விழுது."

"தப்பாவா சொல்லுதா சார்?"

"சரியாத்தான் சொல்லுதா. அதான் எனக்கும் புரியல."

"பொறவு?"

"புரியாட்டா என்ன டீச்சர். அவள கேக்காம விட்டுருங்க. வேற பிள்ளைய இல்லாமலா போச்சு? பருவம் முடியுத வரைக்கும் தான."

"சரியாப் பதில் சொல்லுத பிள்ளையக் கேக்கக் கூடாது. நீங்க சொல்லுதது அதான?"

"கோவப்படாதீங்க. தனம் டீச்சரப் பாருங்க. படிக்காத பிள்ளைய பூராத்தையும் இரும்பு பீரோவுக்குப் பின்னால உக்கார வச்சிட்டாங்க. மாமியாருக்கு அங்க கண்ணு எட்டாது. எண்பதுக்குக் குறையாம வாங்குதாங்கள்லா."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த பீரோவை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஆறு பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போர்டு தெரியாது, டீச்சர் முகம் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தால்தான் வெளிச்சத்துக்கு வருவார்கள். எண்பது வாங்குகிறார்களாம் எண்பது.

இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பீடி சுற்றுகிறவள். பிள்ளை இடது கைக்காரி. சாப்பாட்டுக்கு மட்டும் அம்மா அடித்து வலது கையைப் பழக்கியிருக்கிறாள், மற்றதெல்லாம் இடதுதான். ஆறாம் வகுப்பில் தனம் டீச்சரிடம் ஒரு வருஷம் முழுக்க வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள். மந்தம் என்று எழுதித்தான் என்னிடம் அனுப்பினார்கள். நான் முதல் நாள் ஒரு கணக்கைப் போட்டதும் கையைத் தூக்கினாள், தோள் கழன்று வந்துவிடும்போல. கேட்டேன். பதில் பளிச்சென்று வந்தது. போன வருஷம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நான் தூக்கிக்கிட்டேதான் இருந்தேன். அவங்க கேக்கவே இல்ல டீச்சர்" என்றாள்.

இந்தப் பிள்ளையைத்தான் நான் கேட்காமல் விட வேண்டும்.

அந்த எண்ணை எதிர்த்து மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு அனுப்பினேன். அதற்கு அடுத்த வாரம் கருவிக் கம்பெனியிலிருந்து ரிஸ்வானா வந்தாள். கண்ணாடியைத் துடைத்து, கம்பிகளைச் சோதித்துவிட்டுப் போகிற இன்ஜினியர் பெண். இந்த மாவட்டத்திலேயே படித்து வளர்ந்தவள். வகுப்பு காலியாக இருந்தது. அவள் ஏணியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது எதுக்கு இப்படி விழுதுன்னு உனக்காவது தெரியுமா?"

"தெரியாது டீச்சர். காரணம் சொல்லத் தெரியாது அதுக்கு. நாங்க தோண்டிப் பாத்தாலும் கிடைக்காது. இதுதான் நல்ல கிளாஸ்னு ஆயிரக்கணக்குல வீடியோ காட்டியிருக்கோம். உங்க கிளாஸ் அதுகூட எவ்வளவு ஒத்துப்போகுதோ அவ்வளவு மார்க்."

"நல்ல கிளாஸ்னு யாரு சொன்னா?"

"உங்க டிபார்ட்மெண்ட்தான் குடுத்தாங்க. பழைய இன்ஸ்பெக்ஷன்ல எடுத்த வீடியோ. அதுலயும் 'மிக நன்று' வாங்கினது மட்டும்தான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. நின்ற இடத்தில் என்ன கோபம் வந்திருக்கும் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

"இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு எந்தப் பிள்ளையாவது கை தூக்காம இருந்து நீ பாத்திருக்கியா?"

"எல்லாரும் தூக்கணும்லா டீச்சர். தெரிஞ்சவங்க சோத்தாங்கை. தெரியாதவங்க பீச்சாங்கை. சார் சோத்தாங்கையா பாத்து..." அவள் துடைப்பதை நிறுத்தினாள். துணியோடு ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா" என்றாள் மெதுவாக.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இது தெரியும். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருப்பார். ஆசிரியர் கேள்வி கேட்டதும் மொத்த வகுப்பும் கை தூக்கும், பதில் தெரிந்தது வலது, தெரியாதது இடது. ஆகா, என்ன வகுப்பு என்று அவர் மயங்கிப்போவார். ஆசிரியர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்துக் கூப்பிடுவார், பதில் மணி மாதிரி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள், அப்போது மூத்த ஆசிரியராக இருந்த ஞானையா சார்தான் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் மாட்டேன் என்றேன். இன்ஸ்பெக்டர் எனக்கு 'சுமார்' போட்டுவிட்டுப் போனார்.

"நான் கணக்குல எப்பவும் பீச்சாங்கைதான் டீச்சர்" என்றாள் ரிஸ்வானா. "அப்போ இது... இடது கை தூக்கின பிள்ளையக் கேட்டா..."

"நல்ல ஆசிரியர் இடது கையைக் கூப்பிட மாட்டார்னு படிச்சு வச்சிருக்கு. எந்த இன்ஸ்பெக்டரும் கண்டுபிடிக்காத கள்ளத்தனத்த அது கண்டுபிடிச்சிருச்சு. கள்ளத்தனம்னு மட்டும் அதுக்குத் தெரியல."

அடுத்த பாடவேளையில் சோதித்துப் பார்த்தோம். ரிஸ்வானா வராந்தாவில் நின்றாள். வகுப்புத் தலைவன் பேச்சிமுத்துவை வலது கையைத் தூக்கச் சொல்லி ஒரு கேள்வி கேட்டேன். எண் ஏறியது. அதே பையன், அதே கேள்வி, இடது கை. எண் சரிந்தது. அவள் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். இசக்கி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்கு உறுத்தியது.

விசாரணை மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. குழுவில் மூன்று பேர். நடுவில் வேலாயுதப்பெருமாள் சார். திரையில் இருப்பதைவிட முடி குறைவு, சிரிப்பு அதே சிரிப்பு. வலது பக்கம் கருவிக் கம்பெனியின் ஆள், கையில் இரண்டு போன். இடது பக்கம், பள்ளியின் பிரதிநிதி என்ற பெயரில், எங்கள் ஞானையா சார். மூலையில் கணினியோடு ரிஸ்வானா.

"சுருக்கமாச் சொல்லுங்கம்மா" என்றார் அலுவலர்.

"உங்க பழைய இன்ஸ்பெக்ஷன் வீடியோவப் போடச் சொல்லுங்க சார். அதுக்கு மேல சுருக்கம் கிடையாது."

அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான். வீடியோ ஓடியது. பளபளவென்று வெள்ளையடித்த வகுப்பு. கேள்வி கேட்கிறார், ஐம்பது கை மேலே போகிறது, ஒருவனை எழுப்புகிறார், பதில் வருகிறது. அடுத்த கேள்வி. மறுபடி ஐம்பது கை.

"நிறுத்தும்மா" என்றேன். "சார், இதுவரைக்கும் நீங்க எழுப்பின பிள்ளைய எல்லாம் எந்தக் கை தூக்கியிருக்குன்னு பாருங்க. இப்ப எழுப்பாத பிள்ளைகளப் பாருங்க."

கம்பெனிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். எந்தக் கைக்கு என்ன அர்த்தம், அதைப் பார்த்துக் கருவி என்ன கற்றுக்கொண்டது, பேச்சிமுத்துவை வைத்துச் சோதித்தபோது எண் என்ன ஆனது, என் பிள்ளை ஒருத்தி ஏன் சரியான பதிலைச் சொல்லியும் எண் விழுகிறது, எல்லாவற்றையும்.

"மூணாவது பெஞ்சு, ஓரத்துல ஒரு பிள்ளை இடது கையத் தூக்கிக்கிட்டு இருக்கா பாருங்க" என்றது ஒரு குரல். ரிஸ்வானா. "அது நான்தான் சார்."

வேலாயுதப்பெருமாள் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம பிள்ளையா? பாத்தீங்களா, இன்னைக்கு இன்ஜினியர். நம்ம கிளாஸ் வீணாப் போகல."

"கணக்க நான் அதுக்குப் பொறவு டியூஷன்லதான் படிச்சேன் சார். உங்க கிளாஸ்ல ஒரு தடவகூட என்னக் கேக்கல."

அவர் சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்ல வாரீங்க? இந்த மாவட்டத்துல 'மிக நன்று' வாங்கின அத்தன பேரும் ஏமாத்திருக்காங்கன்னா?"

"ஆமா சார்."

"நல்லாசிரியர் விருது வாங்கினவங்க உட்பட?"

"அவங்கதான் சார் முதல்ல."

ஞானையா சார் இருமினார். கம்பெனிக்காரர் இப்போதுதான் போனைக் கீழே வைத்தார். "மேடம், இத நீங்க சொல்லுத மாதிரி ஒத்துக்கிட்டா, கருவிய அடியிலேந்து திருப்பிக் கத்துக்குடுக்கணும். இதுவரைக்கும் போட்ட மார்க் ஒண்ணும் செல்லாது. முகாமுக்குப் போனவங்க எல்லாரும் கோர்ட்டுக்குப் போவாங்க. யோசிச்சுத்தான் பேசுதீங்களா?"

"போகட்டும். போகணும்னுதான் சொல்லுதேன்" என்றேன். "பீரோவுக்குப் பின்னால உக்காந்திருக்க பிள்ளைகளும் கோர்ட்டுக்குப் போக முடிஞ்சா நல்லாருக்கும்."

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆதாரம் போதாது என்றார். தற்செயல் என்றார். என் அக்கறையைப் பாராட்டுவதாகவும் சொன்னார், அதற்காகவே ஒரு அறை விடலாம். கடைசியில் நடைமுறைப்படி வாக்கெடுப்பு. "மேல்முறையீட்ட நிராகரிக்க ஆதரவா இருக்கவங்க கையத் தூக்குங்க."

மூன்று கைகள் உயர்ந்தன. அலுவலருடையது வலது. கம்பெனிக்காரருடையது வலது. ஞானையா சாருடையது இடது.

ஞானையா சார் இடது கைக்காரர் இல்லை. அவர் பேனா பிடிப்பதையும் சாக்பீஸ் பிடிப்பதையும் நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன். கை மேலே இருந்தது, கண் மேசையில் இருந்தது. எனக்குத் தெரியாது, என்னை எழுப்பாதே என்கிறார். அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாஷையில், அவருக்கு இருந்த தைரியத்துக்குள் அடங்குகிற அளவுக்கு, உண்மையை ஒத்துக்கொள்கிறார். வேலாயுதப்பெருமாள் சாரும் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது என்று பதிவானது. எந்தக் கை என்று யாரும் எழுதவில்லை.

பஸ் ஏறும்போது ஞானையா சார் பின்னாலேயே வந்தார். "டீச்சர், எனக்கு ஓய்வு பெற ஒரு வருஷங்கூட இல்ல. பென்ஷன நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

"உங்க பாஷ எனக்குப் புரிஞ்சுது சார். மேல பேசாதீங்க" என்றேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

நிராகரித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. வகுப்பறை ஒழுங்கை மேம்படுத்தும் பொருட்டு மாணவர்கள் இனி வலது கையை மட்டுமே உயர்த்த வேண்டும். இடது கையை உயர்த்தும் வழக்கமுள்ள மாணவர்களுக்கு ஆசிரியர்கள் உரிய பயிற்சி அளிக்க வேண்டும். ஆக, நான் சொன்னதை அவர்கள் நம்பியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை விடாமல் நம்பியிருக்கிறார்கள். கருவியைத் திருத்துவதைவிடப் பிள்ளைகளைத் திருத்துவது சுலபம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆசிரியர் அறையில் தனம் டீச்சர் அதைப் படித்துவிட்டு, "ஒண்ணும் பிரச்சன இல்ல. தெரியாத பிள்ளைய விரல மடக்கித் தூக்கட்டும், தெரிஞ்சது விரிச்சுத் தூக்கட்டும்" என்றாள். வடையை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். இரண்டு பேர் நல்ல யோசனை என்றார்கள். நான் எழுந்து வகுப்புக்குப் போனேன். அங்கேயே இருந்திருந்தால் வடைத் தட்டு பறந்திருக்கும்.

சுற்றறிக்கையை வகுப்பில் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. படித்தேன்.

"சோத்தாங்கையத்தான் தூக்கணுமா டீச்சர்?" என்றாள் இசக்கி.

"அப்படித்தான் போட்டிருக்கு."

அவள் தலையாட்டினாள்.

"மூன்றில் இரண்டு பங்கு. அதில் பாதி எவ்வளவு?" என்று கேட்டேன். கைகள் உயர்ந்தன. எல்லாம் வலது. இசக்கியின் கை மட்டும் வரவில்லை. அவள் உதடு அசைந்தது, பதில் அங்கே வந்துவிட்டது, எனக்குத் தெரிகிறது. பேச்சிமுத்துவைக் கேட்டேன். சொன்னான். இன்னும் இரண்டு மூன்று கேள்விகள், வேறு வேறு பிள்ளைகள், வேறு வேறு வலது கைகள். ஜன்னலில் ஞானையா சாரின் முகம் தெரிந்தது. கையால் வெளியே வரச் சொன்னார்.

"தொண்ணூத்தொண்ணு டீச்சர்" என்றார். கண் கலங்கியிருந்தது. கதவுக்கு மேலே காட்டினார். "இந்த ஸ்கூல்லயே யாரும் வாங்கினதில்ல. இப்படியே போனா உங்க கிளாஸ் உங்களுக்குத்தான். திரையாவது ஒண்ணாவது. நான் என்னத்தச் செஞ்சாலும், இது ஒண்ணு நல்லபடியா முடிஞ்சுது பாருங்க."

நான் எண்ணைப் பார்த்தேன். அது பச்சையில் எரிந்தது. இருபது வருஷத்தில் எனக்கு யாரும் அவ்வளவு மார்க் போட்டதில்லை.

உள்ளே வந்தேன்.

"எல்லாரும் கையக் கீழ போடுங்க. இசக்கி, ஒன் எடது கை எங்கட்டி?"

அவள் குனிந்துகொண்டு, தொடைக்கு அடியிலிருந்து அதை வெளியே எடுத்தாள். அதன் மேலேயே அத்தனை நேரமும் உட்கார்ந்திருக்கிறாள். அது தானாக மேலே போய்விடக் கூடாதாம். விரல்கள் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தன. புறங்கையில் பெஞ்சுப் பலகையின் கோடு பள்ளமாகப் பதிந்திருந்தது.

நான் அந்தக் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டேன். பின்சுவரில் இருக்கிற கண்ணை ஒரு தடவை நேராகப் பார்த்தேன். அப்புறம் இசக்கியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். மூன்றில் இரண்டு பங்கில் பாதி.

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு தூக்கினாள். முதலில் காது வரை, அப்புறம் பழையபடி தோள் கழன்றுவிடும்போல.

"டீச்சர், எண்ணு விழுது" என்றார் ஞானையா சார் வாசலிலிருந்து. "டீச்சர், வேண்டாம். சொல்லுதத கேளுங்க."

நான் திரும்பவில்லை.

"நீ சொல்லுட்டி" என்றேன்.